மச்சான் என்றால் சாலாவா?

போன வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் எடைக் கொட்டகையில் ஒரு கைகலப்பு நடந்திருக்கும். கடைசி நேரத்தில் தப்பியது. காரணம் ஒரே ஒரு சொல்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்குப் பச்சை இலை சேரும் இடத்தில் எடை எழுதுவது என் வேலை. மாலை மூன்று மணிக்கு மேல் சாக்குகள் வந்து இறங்கும். தொங்கு தராசு போய் மிஷின் வந்து பல வருஷம் ஆகிறது; சண்டை மட்டும் போகவில்லை. மழை நாளில் இலையோடு தண்ணீரும் சேர்ந்து எடை நிற்கும் என்பதால் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்போம். வழக்கமாகச் சண்டை அதில்தான். அன்றைக்கு வந்தது வேறு மாதிரி.

ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன் ஒருவன் சாக்கு தூக்கிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். காலியான லைன் வீடுகளில், அதாவது தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில், இப்போது ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள். பையன் வந்த ஒரு மாதத்திலேயே கூட வேலை செய்கிறவர்கள் அவனை "மச்சான்" ஆக்கிவிட்டார்கள். "மச்சான், இதப் புடி." "மச்சான், டீ சாப்டியா?" அவனும் தன் பெயரைக் கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்ப்பான். ஆறு மாதம் இப்படியே ஓடியது. அன்றைக்கு என்ன தோன்றியதோ, கொஞ்சம் இந்தி தெரிந்த லாரி டிரைவரிடம் மச்சான் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறான். அவரும் யோசிக்காமல் சொல்லிவிட்டார்: "சாலா."

தோளில் இருந்த சாக்கு தரையில் விழுந்தது. ஆறு மாதமாக எல்லோரும் சிரித்துக்கொண்டே தன்னைத் திட்டி வந்திருக்கிறார்கள் என்று அவனுக்குப் பட்டது. பக்கத்தில் நின்றவனின் சட்டையைப் பிடித்துவிட்டான். அந்தப் பக்கத்து ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மச்சான், என்னாச்சு மச்சான்?" என்று மறுபடியும் மறுபடியும் எண்ணெய் ஊற்றினான்.

நான் நடுவில் போய் நின்று, தெரிந்த நாலு இந்திச் சொல்லில் ஒரு பொய் சொன்னேன். "சாலா நஹி. மச்சான் மத்லப் பாய்." மச்சான் என்றால் அண்ணன் தம்பி. அவன் டிரைவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சட்டையை விட்டான். விழுந்த சாக்கிலிருந்து சிதறிய இலையை எல்லோரும் சேர்ந்து அள்ளினோம்.

டிரைவர் சொன்னதில் ஒரு பிழையும் கிடையாது, அதுதான் வேடிக்கை. மச்சான் என்றால் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். சாலா என்றாலும் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். எந்த அகராதிக்காரரும் டிரைவருக்குத்தான் மார்க் போடுவார். ஆனால் வடக்கே தெருவில் ஒருத்தனைப் பார்த்து சாலா என்றால், உன் அக்கா தங்கச்சி என் வீட்டில் இருக்கிறாள், நீ எனக்குக் கீழே என்று அர்த்தம். செல்லமாகவும் நண்பர்கள் சொல்லிக்கொள்வார்கள்தான். ஆனால் அந்தச் செல்லமும் வசவிலிருந்து கடன் வாங்கியது. நம் மச்சானில் அந்தக் கசப்பு எங்கே போனது?

என் பொய்தான் இதற்குப் பதில் தேட வைத்தது. "பாய்" என்று சொன்னேனே, ராத்திரி படுத்த பிறகு அது உறுத்தியது. தமிழில் அண்ணன் தம்பிக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்பவன்தான் மச்சான். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், சித்தி பெரியம்மா பிள்ளைகள் எல்லாம் அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி. தாய்மாமன் பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் முறைப்பிள்ளைகள். முதல் வகையில் கட்ட முடியாது, இரண்டாம் வகையில் கட்டலாம். பிறந்த குழந்தைக்கே இந்தக் கோடு கிழிக்கப்பட்டிருக்கும். அப்பா வழியில் அண்ணன் தம்பி வகையைச் சேர்ந்தவர்களுக்கு நம்மிடம் ஒரு பெயர் உண்டு: பங்காளி. பங்கை ஆளுகிறவன். காடு, வீடு, கோயில் முதல் மரியாதை எல்லாவற்றிலும் பாதி கேட்கிற உரிமை உள்ளவன். கோர்ட்டு வாசலில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் பங்காளிகள். சில ஊர்களில் "என்ன பங்காளி" என்று பிரியமாகவும் கூப்பிடுவார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாவு வீட்டில் பங்காளி கணக்குப் பார்ப்பான், மாமன் மச்சான் கோடித் துணி எடுத்துக்கொண்டு வருவான். மச்சானுக்கு நம் சொத்தில் பங்கு கிடையாது. அவனிடம் நமக்கும் வழக்கு இல்லை. அவனை நம்பி ஒரு ரகசியம் சொல்லலாம்.

இந்திக்காரர் நண்பனை பாய் என்கிறார், எதிரியை சாலா என்கிறார். நாம் நண்பனை மச்சான் என்கிறோம், வழக்குப் போடுவது பாயின் மேல்.

சரி, ஏன் இப்படி? பிரெஞ்சு மானுடவியல் அறிஞர் லூயி துய்மோன் 1949, 1950 வாக்கில் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் 1957இல் எழுதியதன் சாரம் நம் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான்: தெற்கே சம்பந்தி உறவு ஒரு கல்யாணத்தோடு முடிவதில்லை, சொத்து மாதிரி அடுத்த தலைமுறைக்கும் இறங்கும். என் அப்பாவுக்கு மச்சானாக இருந்தவரின் மகன் என் அண்ணனுக்கு மச்சான். இந்தத் தலைமுறையில் பெண் கொடுத்த வீடு அடுத்த தலைமுறையில் பெண் எடுக்கலாம். வடக்கே பல சாதிகளில் சொந்தத்துக்குள் கட்டுவதே கூடாது. பெண் ஒரு பக்கமாகவே போகும், கொடுத்தவன் கை தாழ்ந்தே இருக்கும். அந்தத் தாழ்ந்த கைக்காரன்தான் சாலா.

நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் கெத்து இல்லையா என்றால், இருக்கிறது. என் கல்யாணத்தில் காபியில் சர்க்கரை குறைந்ததற்கு நடந்த கூத்தை நான் மறக்கவில்லை. ஆனால் அரட்டையில் கவனியுங்கள். "என்ன மாப்ள?" என்று ஒருத்தன் கேட்பான், "சொல்லு மச்சான்" என்று மற்றவன் பதில் சொல்வான். அடுத்த நிமிஷம் இவன் மச்சான், அவன் மாப்ள. யார் கொடுத்தவன், யார் எடுத்தவன் என்பது வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும். சாலாவில் இப்படி இடம் மாற்றிக்கொள்ள முடியாது. சாலாவுக்கு எதிரில் நிற்கிறவர் ஜீஜா, அக்கா புருஷன், மரியாதைக்குரியவர்.

எங்கள் மலையிலேயே இதற்குப் பழைய சாட்சி உண்டு. டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் தோடர்களிடையே தங்கி எழுதிய நூல் 1906இல் வந்தது. அதில் ஒரு தோடருக்குச் சரியான திருமணம் தன் "மச்சுனி"யை மணப்பது என்று எழுதியிருக்கிறார்; மச்சுனி என்றால் தாய்மாமன் மகள் அல்லது அத்தை மகள். நம் மச்சினியும் மச்சானும் மைத்துனரும் அதே குடும்பம். ஊட்டியில் மந்து என்கிற தோடர் குடியிருப்பைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிற நமக்கு, அந்த வீட்டுக்குள் நம் மச்சினி உட்கார்ந்திருப்பது தெரியாது. ஆண்டாளும் கனவில் கைப்பிடிக்க வந்த மதுசூதனனை "மைத்துனன் நம்பி" என்றுதான் சொன்னாள். காதலனுக்கு அந்த முறைப்பெயரைத்தான் எடுத்தாள்.

இப்போது என் அப்பாவைக் கொண்டுவர வேண்டும். அவர் இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அங்கிருந்த இந்திய வம்சாவளி ஆட்களைப் பிரித்துக்கொண்டார்களே, அதில் இந்தியாவின் பங்காக வந்தவர். பங்கு என்ற சொல் தானாக வந்து விழுகிறது பாருங்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் கோத்தகிரிப் பக்கத்தில் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் லைன் வீடு கிடைத்தது. இங்கே வந்தும் அவர் இலையைக் கொழுந்து என்றே சொல்வார், லைனை லயம் என்பார். "கொழுந்து பறிக்கப் போய் கொழுந்தியாளைப் பார்த்தேன்" என்று அம்மாவின் தங்கையைச் சீண்டுவது அவருடைய நிரந்தர ஜோக்.

பதுளையில் அவருக்கு ஒரு சிங்கள நண்பர் இருந்தார், பேக்கரியில் வேலை. இருவரும் ஒருவரை ஒருவர் "மச்சங்" என்பார்களாம். சிங்களத்தில் மஸ்ஸினா என்றால் மைத்துனன். அதைவிடத் தெருவில் புழங்குவது மச்சங். பள்ளிக்கூடப் பையன், பஸ் கண்டக்டர், ஆபீஸ்காரர் எல்லோரும் சொல்வார்கள். இப்போது பெண்களும் தங்களுக்குள் சொல்கிறார்கள். ரயில் புறப்படும்போது அந்த நண்பர் ஒரு பை நிறைய மாலுபாண் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார் என்பதை அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மீன் வைத்த பன். மண்டபம் வந்து சேர்வதற்குள் கெட்டுப்போய்விட்டது, ஆனாலும் சாப்பிட்டோம் என்பார். இங்கே வந்த பிறகு வெகு காலம் அவரை யாரும் மச்சான் என்று கூப்பிடவில்லை. எல்லோருக்கும் அவர் "சிலோன்காரர்".

எடைக் கொட்டகைச் சண்டைக்குப் பிறகு எனக்கு உறைத்தது இதுதான். சிங்களம் நம் மொழிக் குடும்பம் இல்லை. இந்திக்குத்தான் தூரத்துச் சொந்தம். ஆனால் சிங்களவரின் கல்யாண முறை நம்முடையது போலவே தாய்மாமன் மகள், அத்தை மகள் கணக்கு. அதனால் மச்சங் அங்கே இனிக்கிறது. இந்தப் பக்கம் அந்த ஜார்க்கண்ட் பையனைப் பாருங்கள். ஒரு நாள் அவன் தனக்குத்தானே சாக்கு எண்ணிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். இந்தி மாதிரி இல்லை. "மூந்த், நாக்" என்று காதில் விழுந்தது. மூன்று, நான்கு! விசாரித்தால் அவன் ஓராவ் பழங்குடி, வீட்டில் பேசுவது குருக். குருக் திராவிட மொழி. நமக்கும் அவனுக்கும் மொழிச் சொந்தம் உண்டு. ஐந்திலிருந்து மேலே எண்கள் இந்திப் பக்கம் போய்விடுகின்றன என்பது வேறு விஷயம். அப்படியும் அவனுக்குச் சாலா என்றால் சுடுகிறது, ஏனென்றால் அவன் வளர்ந்த சந்தையும் பஸ்ஸும் பள்ளிக்கூடமும் வடக்கு. மொழியில் அந்நியரான பேக்கரிக்காரர் அப்பாவுக்கு மச்சங். மொழியில் பங்காளியான இந்தப் பையன் சட்டையைப் பிடிக்கிறான். சொல்லின் சூடு அகராதியில் இல்லை, பெண் எந்தப் பக்கம் போகிறாள், திரும்பி வருவாளா என்பதில் இருக்கிறது.

கடல் தாண்டினால் இன்னொரு குணம். என் தம்பி மலேசியாவில், கிள்ளானில் லாரி ஓட்டுகிறான். அங்கே மலாய்க்காரரும் சீனரும் தமிழ் ஆண்களை "மச்சா" என்று கூப்பிடுவது சாதாரணம். "அது எப்படிடா, மரியாதையா?" என்று கேட்டேன். "மூஞ்சியைப் பாத்துதான் சொல்லணும்க்கா" என்றான். டீக்கடையில் பக்கத்து டேபிள்காரர் மச்சா என்றால் நட்பு. வேலை வாங்குகிறவர், பெயர் தெரிந்திருந்தும் மச்சா என்றால், "ஏ இந்தியனே" என்பதற்கு மறுபெயர். நமக்குள் ஒரு உறவைச் சொல்கிற சொல் அங்கே ஒரு இனத்தைக் குறிக்கிற அடையாளமாகிவிட்டது. மாமாவுக்கும் அதே கதிதான்: தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு அங்கே மாமாக் கடை என்றே பெயர். மாமாவும் மச்சானும் கப்பலேறிப் போய் ஒருத்தர் கடையானார், ஒருத்தர் லாரி டிரைவரானார்.

கூடலூர்ப் பக்கம் போனால் மலையாளிகள் "அளியா" என்பார்கள். அளியனும் மைத்துனன்தான், அதுவும் பிரியம்தான், அங்கே ஒரு வம்பும் இல்லை. பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் கன்னடக்காரர், தெலுங்குக்காரர், ஆண், பெண் யாரையும் "மச்சா" என்கிறாள்; அவளுக்கு அது கமா போடுவது மாதிரி.

அவள்தான் மசினகுடியில் ஒரு தங்குமிடத்துப் பலகையை போட்டோ எடுத்து அனுப்பினாள். மரத்தின் மேல் கட்டிய குடிலுக்கு "மச்சான்" என்று பெயர் எழுதியிருந்தது. "அத்தை, இங்க மரத்து மேல நம்ம மச்சான் இருக்காராம்." அது வேறு மச்சான். அந்தக் காலத்தில் புலி வேட்டைக்குக் கட்டிய பரணுக்கு இந்தியில் மசான் என்று பெயர், சமஸ்கிருத மஞ்சத்திலிருந்து வந்தது. வெள்ளைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் ஏற்றிவிட்டார்கள். நம் கட்டிலுக்கு அது சொந்தம், மைத்துனனுக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்டு ரோட்டு டீக்கடைக்குப் போன சீசனில் ஒரு இளம் ஜோடி காரில் வந்து இறங்கியது. "அண்ணா, மாச்சா இருக்கா?" கடைக்காரர் சற்றும் தயங்காமல், "இருக்கான் தம்பி, உள்ள கிளாஸ் கழுவிட்டு இருக்கான்" என்றார். நிஜமாகவே அவர் மனைவியின் தம்பி உள்ளே இருந்தான். வெளியே எட்டிப் பார்த்தான். அவர்கள் கேட்டது ஜப்பான்காரரின் மாச்சா. பறிப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே செடிக்கு நிழல் கட்டி, இலையை ஆவியில் காட்டி, நரம்பு நீக்கி, கல் எந்திரத்தில் மாவாக அரைப்பார்களாம். நாலா பக்கமும் தேயிலை நிற்கிற மலையில் நின்றுகொண்டு தேயிலை மாவு கேட்கிறார்கள் என்று கடைக்காரருக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

சிரிப்பு போகட்டும். மச்சானை இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பெண்ணாக இருந்து பயனில்லை. சாலாவுக்கு நடுவிலும் ஒரு பெண் இருக்கிறாள், மச்சானுக்கு நடுவிலும் ஒரு பெண் இருக்கிறாள். இரண்டு ஆண்கள் தோளில் கை போட்டுக்கொள்ள அவள் பாலமாகக் கிடக்கிறாள். எனக்குப் பதினாலு வயதில் தம்பியின் கூட்டாளிகள் லைன் வீட்டு வாசலில் வந்து "மச்சான்" என்று குரல் கொடுத்தால், அம்மா என்னைக் கண்ணாலேயே அடுப்படிக்கு அனுப்பிவிடுவாள். இலக்கணப்படி பார்த்தால் அந்தக் கூப்பிட்ட ஒவ்வொருவனுக்கும் நான் முறை. ஒரு தடவை வேற்றுச் சாதிப் பையன் ஒருத்தன் அப்படிக் கூப்பிட, பக்கத்து லைன் தாத்தா திண்ணையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். "யாருக்கு யாருடா மச்சான்?" அண்ணே என்று கூப்பிட்டிருந்தால் அவர் எழுந்திருக்க மாட்டார். சாதி தாண்டி அண்ணன் ஆகலாம், அதில் செலவில்லை. மச்சான் ஆனால் பெண் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அந்தக் கிழவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பையன் அதன் பிறகு எங்கள் வீட்டு வாசலுக்கு வரவில்லை.

இப்போது சொந்தத்தில் கட்டுவதை டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள், பிள்ளைகளும் விரும்புவதில்லை. உண்மையான மச்சான்கள் குறைந்து, வாய் மச்சான்கள் பெருகிவிட்டார்கள். அது நல்லதற்குத்தான் என்று நினைக்கிறேன். அந்தத் தாத்தா இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பையனிடம் நான் என் பொய்யைத் திருத்தவில்லை. எப்படித் திருத்துவது? "தம்பி, டிரைவர் சொன்னது சரிதான், ஆனால் உங்கள் சாலா வேறு எங்கள் சாலா வேறு" என்று ஆரம்பித்தால் எடை எழுத ஆள் வேண்டுமே. தை மாதம் ஊருக்குப் போனவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தான். பத்தொன்பது, இருபது வயது; கத்தரி பிடித்து இலை எடுக்க ஒரே வாரத்தில் பழகிவிட்டாள். லைன் பெண்களோடு சேர்ந்து அவன் ஆறு மாதத்தில் கற்றதை அவள் ஒரு மாதத்தில் பேசினாள்.

போன செவ்வாய்க்கிழமை அவள் சாக்கை மிஷினில் வைத்தாள். மழை இல்லை, ஆனால் காலைப் பனி. நான் ஈரத்துக்கு ஒன்றரைக் கிலோ கழித்துப் பதினெட்டு என்று எழுதினேன். அவள் நோட்டுக்குள் எட்டிப் பார்த்து, "மச்சி, பனிக்கு ஒன்றரையா?" என்றாள்.

என்னை அந்தக் கொட்டகையில் எல்லோரும் அக்கா என்பார்கள், மேடம் என்பார்கள். பின்னால் அவள் புருஷன் சாக்கோடு நின்று, நான் என்ன சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் பதினெட்டை அடித்துப் பதினெட்டரை என்று எழுதினேன். "பத்தொன்பது போடு மச்சி" என்றாள்.